வாழையடியில் ஒரு கத்தி

அத்தியாயம் 9

ஜெயிலுக்குள் போய்விட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம் என்பது ரூத்துக்குக் கார் ஓட்டும் காசிமாயனின் கட்சி. ரூத்தின் முகத்தைப் பார்த்து அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் வாயைத் திறந்தான். அதுதான் அவனுக்குக் கைவந்த கலை.

"என்னக்கா, மெர்வின் என்ன சொல்றான்? கத்தி எங்கயாம்?"

"தொலைக்கலையாம். செத்துப்போன ராஜபாண்டிகிட்டயே குடுத்திருக்கான். மண்ணுல பொதைக்க."

"கத்திக்குக் கூடவா அடக்கம் பண்றாங்க? கருமாதி என்னைக்காம்?"

ரூத் சிரிக்கவில்லை. சிறை வாசலில், பூவரச மரத்தடியில், ஆனிமேரி டீச்சர் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தூக்குவாளி வராமல் இருப்பதில்லை. மிஷன் பள்ளியில் மேலூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பெற்றது ஒன்றே ஒன்று, மெர்வின். அவன்தான் இப்போது கொலைக் கேஸில் உள்ளே இருக்கிறான். ரூத் அவரருகே போய்த் தோளைத் தொட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள்.

"மேலூருக்கு விடு."

வழக்கு சின்னது. போலீஸ் அதை இன்னும் சின்னதாக்கி மூடி வைத்திருந்தது. ராஜபாண்டியும் மெர்வினும் ஒன்றாகத் திரிந்தவர்கள். 'கூர் பார்ப்போம்' என்று ஒரு யூடியூப் சேனல் வைத்து, கத்திகளால் வெட்டிப் பார்த்தும் அவற்றை ஊறப் போட்டும் எது தாங்கும், எது தாங்காது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மாலை மேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. மறுநாள் விடிந்தபோது ராஜபாண்டி தன் தோட்டத்து மோட்டார் ரூமில் வயிற்றில் குத்துப்பட்டுச் செத்துக்கிடந்தான். பக்கத்துக் கருவேலம் புதரில் ஒரு கத்தி கிடைத்தது. பளபளவென்று மின்னியது. மெர்வினின் கத்தியும் பளபளப்பானது. அவனால் தன் கத்தியைக் கொண்டுவந்து காட்ட முடியவில்லை. முடிந்தது கதை.

கதை முடியவில்லை என்று ரூத்தைத் தேடி வந்தவர் மெர்வினின் அம்மா அல்ல. செத்தவனின் அப்பா சோலை. அதுதான் அவளை இந்தக் கேஸுக்குள் இழுத்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் கிளெய்ம் பிடித்துப் பழகியவள் அவள். அவளைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் எதையாவது மறைத்துக்கொண்டுதான் வருவார்கள். சோலையிடம் மறைக்க ஒன்றுமில்லை.

"மெர்வினு எங்க வீட்டுச் சோத்தத் தின்னு வளந்த பய, தாயி. அவன் செய்யல. செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும். எவனா இருந்தாலும் சரி, நீங்க எனக்குச் சொல்லணும். சொல்றேன்னு வாக்குக் குடுங்க" என்று கைகூப்பினார். வலது உள்ளங்கையில் குறுக்கே ஓர் ஆறிய வெட்டு. அவள் பார்ப்பதைக் கண்டு அவரே வெட்கத்தோடு சொன்னார். "குடிச்சிட்டு எங்கயோ விழுந்தது. மகன் போன அன்னையோட அந்தச் சனியன விட்டுட்டேன்."

ரூத் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கார் ஒத்தக்கடை தாண்டியதும் அவள் போனை எடுத்தாள். ராஜபாண்டியின் கடைசி வீடியோ. நல்ல சிரிப்பு அவனுக்கு. கேமராவைப் பார்த்துப் பேசுகிறவன் போல இல்லை, நம் தோளில் கை போட்டுப் பேசுகிறவன் போல இருந்தான். முன்னால் பலகையில் மூன்று கத்திகள். ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, ஒரே அளவு, ஒரே கருவேலங்கட்டைக் கைப்பிடி. மேல்பூச்சு மட்டும் வேறு வேறு.

"மாப்ளைகளா, இந்தப் பச்சை இருக்கே, இது பவுடர் கோட்டிங். சட்டை போட்ட மாதிரி. சட்டை இருக்கிற வரைக்கும் துரு கிட்ட வராது. ஒரு எடத்துல கிழிஞ்சுச்சு, உள்ள பூந்துரும். இது எங்கப்பாவுக்கு. இது பளபளன்னு பாலிஷ் போட்டது. நம்ம மெர்வினோடது. சட்டையே இல்லாம வெறும் மேலோட நிக்கிற கேஸு. தெனம் எண்ணெ போட்டுக் கொஞ்சுனா நிக்கும். இந்தா இந்தக் கறுப்பு என்னோடது. இது பெயிண்டு இல்ல, சொரண்டுனா உரியாது. பிளாக்கனிங்னு பேரு. உப்புக் கரைசல்ல போட்டுக் கொதிக்க வச்சு இரும்போட தோலையே கறுக்க வைக்கிறது. உரசலு, அடி, எல்லாம் தாங்கும். ஒண்ணே ஒண்ணு ஆகாது. புளிப்பு. எலுமிச்சம்பழம் பட்டுச்சு, போச்சு."

அவன் குனிந்து ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினான்.

"எங்கம்மா கையில மட்டும் இதக் குடுத்துராதீங்க. வெங்கலப் பானைன்னு நெனச்சுப் புளி போட்டு வெளக்கி, வெள்ளக் கத்தியாக்கிக் குடுத்துரும்!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஆமாடா, நீ வெளக்கிக் கிழிச்ச!" என்றது. ராஜபாண்டி வாய்விட்டுச் சிரித்தான். காசிமாயனும் சிரித்துவிட்டு, செத்தவனோடு சேர்ந்து சிரித்ததை நினைத்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"கடைசியா என்ன சொல்றான் கேளு" என்றாள் ரூத்.

"அடுத்து பாலிஷ் கத்திய நம்ம ஏரியாவுலயே இரும்புக்கு ரொம்பப் பொல்லாத மண்ணுல பொதைக்கப் போறேன். எங்கன்னு மெர்வினுக்கே சொல்ல மாட்டேன். பய ராத்திரியோட ராத்திரியா தோண்டி எடுத்து எண்ணெ போட்டுருவான்" என்று முடித்தான் ராஜபாண்டி.

"அதுக்குத்தான் டீக்கடையில சண்டை. கத்தியத் திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கான். இவன் சொல்ல மாட்டேன்னு சிரிச்சிருக்கான். போலீஸ்காரர் அதை முன்விரோதம்னு எழுதிட்டார்" என்றாள் ரூத்.

"பொல்லாத மண்ணுன்னா? சுடுகாடா? செல்லூர்ச் சாயத்தண்ணி ஓடுற வாய்க்காலா? மதுரையில கடல் வேற இல்லையே. அந்த ஒண்ணத்தான் இன்னும் கட்டல."

"யோசி. இரும்பை எது அரிக்கும்? உப்பு, புளி, சாம்பல், சோப்புத் தண்ணி. அம்புட்டும் தெனமும் ஊத்தணும். அதுவும் இவன் மெனக்கெடாம. சோம்பேறிப் பய, ஆனா மூளைக்காரன்."

சுங்கச் சாவடியில் வண்டி நின்றது. காசிமாயன் மீசையைத் தடவினான். அவன் குறும்பு முகம் மெல்ல மலர்ந்தது.

"யக்கா, பாத்திரம் வெளக்குற எடம்!"

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

"எங்க போகும், கொல்லையில வாழைக்கு."

"நீ பொழச்சுக்குவ" என்றாள் ரூத்.

சோலையின் வீடு ஊருக்கு ஓரமாக, தோட்டத்தை ஒட்டி இருந்தது. அவர் அவர்களைக் கண்டதும் பரபரத்துப்போனார். உட்காரச் சொன்னார், உட்காரும் முன்பே, "இந்தா, கலர் சோடா வாங்கியாரேன்" என்று டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு கடைக்குப் போனார். வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. சுவரில் பச்சைக் கத்தி ஆணியில் தொங்கியது. அதன் சட்டை எங்கும் கிழியவில்லை.

கொல்லையில் ராமக்காள் துவைகல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து வெங்கலச் சொம்பை விளக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அமாவாசை, மகனுக்குப் படைக்க வேண்டும். ரூத்தைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தாள். துப்பறிய ஆள் வைத்ததில் அவளுக்கு இஷ்டமில்லை என்பது முதல் நாளே தெரிந்ததுதான். 'போன புள்ள போயிட்டான், கிளறி என்னத்தக் காணப்போறீக' என்று அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

"யக்கா, ஒங்க வாழைக்கடியில கொஞ்சம் தோண்டிப் பாக்கணும். மகன் அங்க ஒண்ணப் பொதைச்சிருப்பானோன்னு ஒரு சந்தேகம்" என்றாள் ரூத்.

"தோண்டிக்கங்க" என்றாள் ராமக்காள், குரலில் ஒன்றுமில்லாமல்.

காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்தான். "எங்க ஆத்தா பாத்தா கண்ணு வைக்கும். வீட்டுல ஒரு செடிக்கு மண்ணு அணைச்சதில்ல" என்று புலம்பிக்கொண்டே வெட்டினான். கறுத்த ஈர மண். சோற்றுப் பருக்கை, சாம்பல், புளிச்சக்கை. ராஜபாண்டி சொன்ன பொல்லாத மண் இதுதான். நாலைந்து வெட்டிலேயே கைப்பிடி தட்டுப்பட்டது. கருவேலங்கட்டைக் கைப்பிடி. இழுத்தால் வரவில்லை. வாழை வேர் அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. வேரை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அலகு முழுக்கத் துரு, அப்பம் போலப் பொரிந்திருந்தது. ஆனால் துருவுக்கு நடுவே காசிமாயன் விரலால் தேய்த்த இடத்தில், ஒரு பொட்டளவுக்குக் கண்ணாடி மின்னியது.

"மெர்வின் கத்தி!" என்று கூவினான். "வேரு இம்புட்டுச் சுத்தியிருக்கே, எப்பவோ பொதைச்சது யக்கா. போலீஸ் வச்சிருக்கிறது இவன் கத்தியே இல்ல. பய வெளிய வந்துருவான்!"

அவன் குதித்த குதியில் ஒரு துளிச் சேறு ரூத்தின் புடவையில் தெறித்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. மூன்று கத்தி. பச்சை சுவரில் தொங்குகிறது. பாலிஷ் இதோ மண்ணிலிருந்து வந்துவிட்டது. அப்படியானால் புதரில் மின்னியது எது?

அவள் போனைத் திறந்தாள். மெர்வினின் வக்கீல் வாங்கித் தந்த போட்டோ, போலீஸ் கைப்பற்றிய கத்தி. பெரிதாக்கினாள். கைப்பிடியும் இரும்பும் சேருகிற மூலையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. ரத்தமல்ல என்று பரிசோதனையில் சொல்லிவிட்டதால், அழுக்கு என்று விட்டுவிட்டார்கள். அழுக்கில்லை. அது ராஜபாண்டியின் கறுப்பு. பாத்திரம் விளக்குகிற எவளுக்கும் தெரியும், எப்படித் தேய்த்தாலும் அந்த மூலைக்குள் விரல் ஏறாது.

'வெள்ளக் கத்தியாக்கிக் குடுத்துரும்!' என்று அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் மறுபடி கேட்டது.

ரூத் மெல்லத் திரும்பினாள். ராமக்காளின் கை சொம்பின் மேல் நின்றுபோயிருந்தது. விரலிடுக்கில் புளி. ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் சொம்பு பாதியில் நின்றது. ரூத் போய் எதிரில் குத்தவைத்தாள். எவ்வளவோ பேரை மடக்கியிருக்கிறாள். இப்போது மடக்க மனம் வரவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

"வெளக்கி முடிச்சிட்டு எந்த எண்ணெ தடவுனீங்க, யக்கா?"

"நல்லெண்ணெதான். இரும்ப வெளக்குனா எண்ணெ தடவாம வைக்கக்கூடாதுல்ல, துரு…"

சொல்லிவிட்டுத்தான் ராமக்காளுக்கு விளங்கியது. புளி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. கொலை செய்தவன் எவனும் கத்திக்கு எண்ணெய் பூசிப் புதரில் எறியமாட்டான். குடும்பம் நடத்துகிற கைதான் அதைச் செய்யும். அந்த நேரத்திலும் செய்யும்.

காசிமாயன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"மெர்வின் மேல ஒங்களுக்கு என்ன கோவம்?" என்று கேட்டாள் ரூத்.

"அந்தப் பய மேல எனக்கென்ன கோவம், ஆத்தா? எம்புட்டு நாள் இந்தக் கையால சோறு போட்டிருக்கேன். ரத்தம் போகட்டும்னுதான் தேச்சேன். கை அதுபாட்டுக்குத் தேச்சுச்சு. கறுப்புப் போனதக்கூட நான் கவனிக்கல. புதர்ல வீசிட்டு வந்துட்டேன். விடிஞ்சு போலீசு தூக்கிக் காட்டும்போதுதான் பாத்தேன், வெள்ளையா மின்னுது. மெர்வினோடதுங்கிறாக. சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வரல."

"யாருக்காக வரல?"

ராமக்காள் தெருப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. திரும்பி வந்துகொண்டிருந்தது.

ரூத்துக்குச் சோலை தேடி வந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. கூப்பிய கை. குறுக்கே ஆறிய வெட்டு. குடிச்சிட்டு எங்கயோ விழுந்தது.

"அவருக்குத் தெரியாதா?"

"ஒண்ணும் தெரியாது" என்று ராமக்காள் ரகசியமாக, அவசரமாகச் சொன்னாள். அடைத்து வைத்தது உடைந்துகொண்டு வந்தது. "மோட்டார் ரூமுல உக்காந்து குடிச்சிருக்காரு. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடப் போயிருக்கான். பாட்டிலப் புடுங்கிருக்கான். இவரு பலகையில கெடந்த கத்திய எடுத்து ஓங்கிருக்காரு. மெரட்டத்தான், ஆத்தா, வேற எதுக்கும் இல்ல. இவன் புடுங்கப் போக, அவரு இழுக்க… நான் போய்ப் பாக்கயில இவரு கத்தி அலகப் புடிச்ச கையோட தூங்குறாரு. எம் புள்ள செவத்துல சாஞ்சு உக்காந்திருக்கான். பேச்சு இருந்துச்சு அவனுக்கு. நடந்ததெல்லாம் அவந்தான் சொன்னான். 'அப்பாவ எழுப்பாதம்மா'ன்னான். 'அவருக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா செத்துப்போவாரு'ன்னான். நான் ஆளக் கூப்பிட எந்திரிச்சேன். திரும்பிப் பாக்குறதுக்குள்ள…"

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். சத்தம் வெளியே வராமல் அழுது பழகிய அழுகை அது. எத்தனையோ பொய்களைப் பிடித்திருக்கிறாள். பிடித்த கையே வலிப்பது இதுதான் முதல் தடவை.

"யக்கா, ஜெயில் வாசல்ல ஆனிமேரி டீச்சர் தூக்குவாளியோட நிக்கிறாங்க. அவங்களுக்கும் ஒரே புள்ளை."

"தெரியும்" என்றாள் ராமக்காள். "தெரியாமலா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது?"

டிவிஎஸ் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. சோலை கலர் பாட்டில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைச் சுவரைச் சுற்றி வந்துவிட்டார். தோண்டிய குழியைப் பார்த்தார். காசிமாயன் கையில் இருந்த துருக்கத்தியைப் பார்த்தார். துருவுக்கு நடுவே மின்னிய பொட்டையும் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மெர்வினு கத்தி! இங்கயா கெடந்துச்சு?" பாட்டில்களைக் கீழே வைக்கத் தெரியாமல் தடுமாறினார். "நான் சொன்னேன்ல, தாயி! எம் புள்ளைக்குச் சேக்காளி, அவன் செய்ய மாட்டான்னு சொன்னேன்ல! ஏ ராமக்கா, பாத்தியா? பாத்தியா?" கண்ணீர் கன்னத்தில் ஓட, சிரித்தார். மகன் செத்த பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கலரை உடைத்து முதலில் காசிமாயனிடம் நீட்டினார். "குடிங்க தம்பி, வெயில்ல வெட்டியிருக்கீக." காசிமாயன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"அப்ப அது யாரு தாயி?" என்று சோலை ரூத்தின் பக்கம் திரும்பினார். "இம்புட்டுக் கண்டுபிடிச்சீக, அதையும் கண்டுபிடிச்சிருப்பீக. எவன்? சொல்லுங்க. வாக்குக் குடுத்தீக."

ரூத் வாயைத் திறந்தாள். வாக்குக் கொடுத்தவள் அவள்தான். சொல்ல வேண்டியவளும் அவள்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த வார்த்தையில் தொடங்குவது? அவள் ராமக்காளைப் பார்த்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தாள்.

ராமக்காள் கையைக் கழுவினாள். எழுந்து புருஷனிடம் வந்தாள். அவருடைய வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையை அவருக்கே காட்டினாள்.

"அன்னைக்கு ராத்திரி மோட்டார் ரூமுலருந்து ஒங்களத் தாங்கி வீட்டுக்குக் கொண்டாந்து, இதுக்கு மஞ்சப்பத்துப் போட்டது நாந்தேன். எங்க விழுந்தேன்னு ஒரு நாளும் நீங்க என்கிட்டக் கேக்கலையே."

சோலை சிரித்த முகம் மாறாமல் மனைவியைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். வெட்டு உள்ளங்கையில் குறுக்கே, ஒரு கத்தியின் அகலத்துக்கு இருந்தது. விழுந்த காயம் அப்படி இருக்காது என்று வாழ்நாளெல்லாம் அருவாள் பிடித்த அவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். பார்க்கத்தான் அவர் துணிந்ததில்லை. முகத்திலிருந்து சிரிப்பு வடிய வெகு நேரம் ஆனது. அவர் கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. வாழையடிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்கு… பேச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்ன சொன்னான்?"

ராமக்காளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பாவ எழுப்பாதம்மான்னான்."

ரூத் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுததை மறைக்கவும் இல்லை. போலீசுக்குப் போன் செய்ய வேண்டும், வக்கீலுக்குச் சொல்ல வேண்டும், தடயத்தை அழித்ததற்கு ராமக்காள் மேலும் கேஸ் வரும். எல்லாம் தெரிந்தும் போனை எடுக்கக் கை போகவில்லை.

முதலில் எழுந்தது சோலைதான். வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். துருக்கத்தியைக் காசிமாயனிடமிருந்து வாங்கி, வேர்த் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, திரும்ப அவனிடமே கொடுத்தார்.

"கோர்ட்டுல காட்டுனதுக்கப்புறம் இத மெர்வினுகிட்டச் சேத்துருங்க, தம்பி. துரு எடுக்க அவனுக்குத் தெரியும்." ரூத்திடம் திரும்பி, பழக்கத்தில் கைகூப்பப் போனவர், தன் உள்ளங்கையைக் கண்டதும் கையைக் கீழே விட்டுவிட்டார். "சொன்ன வாக்கக் காப்பாத்திட்டீக, தாயி. வண்டிய எடுங்க. டீச்சர் வெயில்ல நிக்கிறாகன்னு சொன்னீகள்ல?"

அவள் அதைச் சொன்னது ராமக்காளிடம். அவர் கொல்லைக்கு வருவதற்கு முன்பு. அவர் எவ்வளவு நேரம் அந்தச் சுவருக்குப் பின்னால் வண்டியை அணைத்துவிட்டு நின்றார் என்று ரூத் கேட்கவில்லை.